தீர்த்தம் குடிச்ச பெட்டி

பெட்டி மூடியைக் கொஞ்சமாத் தூக்கி, மூக்கை உள்ள விட்டு, கண்ணை மூடிக்கிட்டு ஒரு இழுப்பு. காலையில காப்பிக்கு முந்தி எவரிஸ்தோவுக்கு இதுதான் நடக்கணும். அப்புறம் ஒரு சுருட்டை எடுத்து, பச்சைப் புள்ளை கெண்டைக்காலை அமுக்கிப் பாக்கிற மாதிரி ரெண்டு விரலால அமுக்குவாரு. திண்ணுன்னு இருந்தா மூடிருவாரு. சரசரன்னா, அன்னிக்குக் கடைக்கு வர்றவன் எல்லாருக்கும் ஏச்சுதான்.

தம்போரில் ஊர்ல தெருவுக்குத் தெரு சுருட்டு உருட்டுறாங்க. "உருட்டுறது பெத்துப் போடுற மாதிரி. பெட்டியில வச்சுப் பாத்துக்கறதுதான்யா வளக்கறது!" அப்படிம்பாரு. செடார் மரப்பெட்டி, மூலையில ஈரப் பஞ்சு, ஈரம் காட்டுற முள்ளு. பஞ்சுக்குக் காய்ச்சி வடிச்ச தண்ணிதான், அதுவும் சொட்டுச் சொட்டா. செண்டு பூசிக்கிட்டு வர்றவங்களை வாசல்லயே நிக்க வச்சுப் பேசுவாரு. வாசனைக்குப் பஞ்சுல ரம் ஊத்துனேன்னு ஒருத்தன் பெருமையாச் சொன்னான். "உம்புள்ளை பால் புட்டியிலயும் ஊத்துவியாடா?"ன்னு வெறுங்கையோட தொரத்திட்டாரு.

வீட்டோட ஒட்டுன கடையில ஒரு சின்னப் பெட்டி மட்டும் விக்கிறதுக்கு இல்ல. மக யொகாஸ்தா கல்யாணத்தப்பவே, பொறக்கப் போற புள்ளையோட ஞானஸ்நானத்துக்குன்னு தன் கையால உருட்டிப் பக்குவப்பட வச்சது. இப்ப பேத்தியும் பொறந்தாச்சு, ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். அன்னிக்கு வர்ற ஒவ்வொருத்தர் கையிலயும் தாத்தா வீட்டுச் சுருட்டு இருக்கணும். அதுதான் அவருக்கு மானம்.

இந்த நேரம் பாத்துக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுக்கையில தள்ளிருச்சு. எந்திரிச்சு வந்து பெட்டியைத் தொறந்தா, முள்ளு அந்தக் கடைசியில நிக்குது. பஞ்சு சொட்டுது. சுருட்டெல்லாம் ஊதிப்போயி, மேல் இலை வெடிச்சு, வெள்ளை வெள்ளையாப் பூஞ்சை.

"எவ... எவன் இதுல கை வச்சது?"

புள்ளையைப் பாத்துக்க வந்திருந்த சம்பந்தி தொமித்தீலா அடுப்படியில வாழைக்காயை மசிச்சுக்கிட்டு இருந்தாங்க. "நாந்தான் சம்பந்தி. பஞ்சு காஞ்சு கெடந்துச்சு. கோயில் தீர்த்தம் ஒரு பாட்டில் ஊத்துனேன். பேத்தி சுருட்டாச்சே, ஆசீர்வாதமும் இருக்கட்டுமேன்னு."

"ஒரு பாட்டிலா! ஞானஸ்நானம் புள்ளைக்கா, சுருட்டுக்கா?"

"தீர்த்தத்தைக் கொறை சொல்லாதீங்க, பாவம் வந்து சேரும்."

"தீர்த்தத்தை எவன் சொன்னான்? ஊத்துன கையைச் சொல்றேன்!"

"ஏன், எம்மவன் புள்ளைக்கு நான் ஊத்தக் கூடாதா? தொடைச்சிட்டுக் குடிச்சாப் போவுது. எங்கப்பாரு கூரையில சொருகி வச்சே குடிச்சாரு, கெழுகெழுன்னுதான் இருந்தாரு."

"கூரையிலயா!" எவரிஸ்தோ நெஞ்சைப் புடிச்சுக்கிட்டாரு.

யொகாஸ்தா தொட்டிலை ஆட்டிக்கிட்டே, "ஏம்ப்பா, கடை பூரா சுருட்டுதான? அதுல எடுத்துக் குடுங்களேன்"னா.

"அது ஊருக்கு உருட்டுனது. இது எம்பேத்திக்கு உருட்டுனது. ரெண்டும் ஒண்ணா?"

பஞ்சைத் தூக்கி எறியலாம்னா அதுல இருக்கறது தீர்த்தம். மொனங்கிக்கிட்டே ரோசாச்செடி வேர்ல பிழிஞ்சு விட்டாரு. பெட்டியைக் காய வச்சு, ஒவ்வொரு சுருட்டையும் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பூஞ்சை உள்ள எறங்குனதெல்லாம் குப்பைக்குப் போச்சு. மேலோட இருந்ததை உலர்ந்த துணியால துடைச்சு எடுத்தாரு. பாதிக்கு மேல போயிருச்சு. ஒவ்வொண்ணு போறப்பவும் அடுப்படிப் பக்கம் ஒரு முறைப்பு. "அந்தம்மாவுக்கு மட்டும் கெடையாது. சத்தியமாக் கெடையாது."

ஞாயித்துக்கிழமை கோயில்ல இருந்து எல்லாரும் வீட்டு முற்றத்துக்கு வந்தாங்க. ஞானத் தகப்பனுக்கு ஒண்ணு, மருமகனுக்கு ஒண்ணு, சாமியாருக்கு ஒண்ணு. அப்படியே குடுத்துக்கிட்டு வந்தவரு கையில கடைசியா மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு, அவரு குடிக்கறதுக்கு. முன்னால தொமித்தீலா. பேத்தியை அப்பத்தான் தாய் கையில குடுத்துட்டு வந்து, உள்ளங்கையை மட்டும் நீட்டிக்கிட்டு நின்னாங்க.

எவரிஸ்தோ அந்தக் கையையே முறைச்சாரு. பல்லைக் கடிச்சாரு. அப்புறம் இடுப்புல இருந்து கத்தியை எடுத்து, சுருட்டை மேசை மேல வச்சு, நடுவுல அறுத்தாரு. இலை பிரிஞ்சு தொங்குன வால் பக்கத்தைத் தான் வச்சுக்கிட்டு, பிரியாத தலைப் பக்கத்தைச் சம்பந்தியம்மா உள்ளங்கையில வச்சாரு.