மாமன் உட்காராமல் மட்கார்டில் ஓட்டை போடக் கூடாது

வண்டிக்குச் சாமான் மாட்டுகிற தொழிலில் கை கறுத்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம், வாய் நீண்டால் கழுவ ஒன்றும் கிடையாது.

எனக்கு வாய் நீளம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்திருந்த சின்னக் கடை அதனால்தான் போயிற்று. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிளுக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் கிடைத்த வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட யாருக்கும் மனசு வராது. வீட்டு முற்றத்திலேயே, அவர்கள் கண் முன்னாலேயே மாட்ட வேண்டும். அடுத்தவர் வீட்டுக்குப் போய்க் குழாயோ ரேடியோவோ ஃபேனோ பழுது பார்த்தவர்கள் இதை வாசித்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பத்துப் பேர் நிற்பார்கள். ஸ்பானரைப் பிடித்தறியாத பத்துப் பேரும் யோசனை சொல்வார்கள்.

பேரத்தில் ஜெயித்தேன்

சேலை கார்டு தெரியும்தானே? பின்னால் ஒருபக்கமாக உட்காரும் பெண்களின் சேலை சக்கரத்துக்குள் போகாமல் தடுக்கிற கம்பி வலை. மதுரையில் ஒரு கடையில் அது கட்டுக் கட்டாகக் கிடந்தது. சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டேன். கடைக்காரர் கொஞ்சம் முனகிவிட்டுச் சரி என்றார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் அதற்கும் கீழே கேட்டேன். அதற்கும் சரி என்றார். என் மனைவி செல்வியின் கம்மலை அடகு வைத்த காசு முழுவதையும் கொடுத்து, மொத்தச் சரக்கையும் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு ராஜா மாதிரி ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் ஒரு வண்டியில் வைத்துப் பார்த்தால், கார்டின் பின் கொக்கி வண்டியில் மாட்ட வேண்டிய இடத்துக்கு எட்டவில்லை. எங்கள் பக்கம் ஓடுகிற எந்த வண்டிக்கும் அது சேராது. திரும்ப மதுரைக்கு ஓடினேன். நான் போட்ட சத்தத்தில் எதிர்த்த டீக்கடையில் டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கடைக்காரர் மட்டும் பதறவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் நிதானமாகச் சொன்னார்:

"விலையத்தானண்ணே கேட்டீங்க, எந்த வண்டிக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலையே."

ஒற்றை அறையில் ஒரு லோடு கம்பி

எங்கள் வீடு ஒற்றை அறை. கம்பி ஒரு பக்கம் படுத்தது, மிச்ச இடத்தில் நாங்கள் படுத்தோம். செல்வி கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவள் கத்தவில்லை. வெறுங்காதோடு அந்தக் கம்பிமேல் துணி காயப்போட்டாள்.

நானும் விடுவதாக இல்லை. இப்படி வைத்து, அப்படி வைத்து, கடைசியில் வழி கண்டுபிடித்தேன். பின் மட்கார்டில் ஒரே ஒரு ஓட்டை போட்டு போல்ட் ஏற்றினால் கார்டு கல்லு மாதிரி நிற்கும். பெருமையோடு அவளிடம் சொன்னேன். செல்வி துணியை உதறிக்கொண்டே கேட்டாள்:

"புது வண்டியில ஓட்டை போட எவன் விடுவான், அதைச் சொல்லுங்க முதல்ல."

காதுகுத்து

பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்து ஊரில் கிருஷ்ணசாமி அண்ணாச்சி புது வண்டி எடுத்திருந்தார். பருத்தி, மிளகாய் என்று நல்ல விளைச்சல்காரர். அடுத்து வண்டி எடுக்கிறவர்கள் எல்லாரும் அவர் வண்டியில் என்ன இருக்கிறதோ அதையே கேட்பார்கள். அவர் மாட்டினால் என் சரக்கு தீரும். அவர் துரத்தினால் கம்மலை மறந்துவிட வேண்டியதுதான்.

ஓட்டை போட அண்ணாச்சி எப்படியோ தலையாட்டிவிட்டார். டிரில்லைக் கண்டதும் அவர் சம்சாரம் குறுக்கே வந்து நின்றார். "புள்ளைக்குக் காது குத்தவே தாய்மாமன் மடி வேணும். வண்டிக்கு மட்டும் சும்மா குத்திருவியளோ? எங்க அண்ணன் வரட்டும்." அண்ணன் இருந்தது ராயகிரியில். ஆள் போய், பஸ் மாறி, அவர் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

வந்தவர் பெயர் கோபால். வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு, கையில் வெற்றிலை பாக்கு. வண்டிக்குச் சந்தனம் வைத்துவிட்டு, கிழக்குப் பார்த்து ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் குத்தவைத்து டிரில்லைச் சுற்றினேன். வண்டி மொத்தமும் கிடுகிடுவென்று ஆடியது. மாமன் ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மெல்ல வே. வண்டிக்கு வலிக்குதோ என்னமோ, எனக்குக் குடலு கலங்குது."

ஏற மாட்டேன்

கார்டு அம்சமாக உட்கார்ந்துவிட்டது. ஊரே கூடி நின்றது. அண்ணாச்சியின் சம்சாரம் ஒரு சுற்றுப் போய் வந்தால் போதும், எனக்கு ஆர்டர் குவியும். "ஏறுங்க மதினி" என்றேன்.

"நானா? சந்தியில எல்லாவனும் பாக்க இவுக முதுகப் புடிச்சிக்கிட்டா? நான் ஏறமாட்டேன்" என்று உள்ளே போய்விட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம்லா? நான் என்ன வேலைவெட்டி இல்லாதவனா?" என்று ஆரம்பித்துவிட்டேன். அண்ணாச்சி முகம் கறுத்தது. கூட்டத்தில் ஒருவர் பல் குத்திக்கொண்டே கேட்டார்:

"மதினி ஏறாத வண்டிக்குச் சேலை கார்டு எதுக்கு அண்ணாச்சி? கழட்டிக் கோழிக் கூண்டுக்கு வைங்க."

கடைசி பஸ்

ஸ்பானரை எடுத்துக் கழற்றவே குனிந்துவிட்டேன். அதற்குள் மாமன் அவசரப்பட்டார். கடைசி பஸ்ஸை விட்டால் ராயகிரி போக முடியாது. "வந்து கழட்டிக்கிடலாம்" என்று அண்ணாச்சி அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மாமன் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தார். வேட்டி இரண்டு பக்கமும் கொடி மாதிரி பறந்தது.

ஊர் முனைகூடத் தாண்டவில்லை. டர்ரென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், மாமன் புதுத் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறார். நல்லவேளை, மெதுவாகப் போனதால் ஒரு காயமும் இல்லை. இடது பக்கம் நான் மாட்டிய கார்டில் வேட்டி நுனி பத்திரமாகத் தொங்குகிறது. கார்டு இல்லாத வலது பக்கம், மீதி வேட்டி சக்கரத்துக்குள் கயிறாகத் திரிந்து கிடக்கிறது.

அண்ணாச்சி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாயைத் திறக்கவில்லை. "வலப்பக்கமும் ஒண்ணு மாட்டும் வே" என்றார். கூடி நின்றவர்களில் வண்டி வைத்திருந்தவர்கள் தங்கள் வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் சுற்றுவட்டாரத்தில் வண்டிக்கு இரண்டாக என் சரக்கு போயிற்று. செல்வியின் கம்மலும் வீடு வந்தது.

அன்று சாயங்காலமே வலப்பக்கத்துக்கும் டிரில்லை எடுத்தேன். துண்டோடு நின்ற மாமனை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இரண்டடி பின்னால் போனார்:

"ஒரு காதுக்கு நான் உக்காந்தாச்சு, மறு காதுக்கு வேற மாமனைப் பாருங்க."

எவ்வளவு பேரம் பேசத் தெரிந்து என்ன, என் சரக்கை விற்றுக் கொடுத்தது அடுத்தவர் வேட்டி கிழிந்த சத்தம்தான்.