கடைக்குக் கடை வேறு புஷ்

எங்கள் வலைக் கொட்டகையின் வடக்கு மூலையில் என் கடைசல் மெஷின் நிற்கிறது. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. இதைக் கொஞ்சம் திமிரோடுதான் எழுதுகிறேன். அந்த மூலை கைவிட்டுப் போகப் பார்த்தது.

கணவரும் கொழுந்தனும் ஏரியில் இறால் பிடிக்கிறார்கள். நான் வலை தைக்கிறேன், மிச்ச நேரத்தில் பேனா கடைகிறேன். பேனாவின் முனை, வளையம், மூடி எல்லாம் ஒரு கிட்டாகப் பாக்கெட்டில் வரும். கூடவே வரும் பித்தளைக் குழாயை மரத்துண்டுக்குள் ஒட்டி, மெஷினில் மாட்டிக் கடைய வேண்டும். மரத்தின் இரண்டு பக்கமும் இரும்பு வளையம் ஒவ்வொன்று மாட்டுவோம், அதற்குப் பெயர் புஷ். மரம் புஷ்ஷோடு சமமாக வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அப்படி நிறுத்தினால் கிட்டின் உலோகமும் மரமும் ஒரே வழுவழுப்பாகச் சேரும். சேர வேண்டும்.

போன மழையில் கோயிலடிப் பனை சாய்ந்தது. எங்கள் ஊரில் யார் எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை அந்தப் பனையடியில்தான் சீட்டெழுதிக் குலுக்கிப் போடுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். மரத்தை ஆளாளுக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். நான் அழுது அடம்பிடித்து, வைரம் பாய்ந்த கறுப்புப் பகுதியில் இரண்டு துண்டு வாங்கினேன். வாங்கிய சூட்டில், "இந்த வருஷப் பாடு சீட்டை இந்தப் பனையில செஞ்ச பேனாவாலதான் எழுதணும்" என்று ஊர்த் தலைவரிடம் சொல்லியும் வைத்தேன். அவரும் சரியென்றார்.

கொழுந்தன் சிரித்தான். அவனுக்குப் படகின் புது இஞ்சினை வைக்க என் மூலை மேல் வெகுநாளாகக் கண்.

"அண்ணி, பாடு அன்னிக்கு பேனா வரலைன்னா மெஷினத் தூக்கி வெளிய வெச்சிடுவேன். அப்புறம் அழக் கூடாது."

"வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா மூல உன்னுது. இஞ்சின் பக்கமே பேச மாட்டேன்."

நான் வழக்கமாக வாங்கும் சென்னைக் கடையில் கிட் தீர்ந்துபோயிருந்தது. அதே பெயர், அதே படம் போட்ட கிட் இரண்டை வேறு ஊர்க் கடையிலிருந்து தபாலில் வரவழைத்தேன். புஷ்தான் என்னிடம் இருக்கிறதே என்று சென்னைக் கடையில் வாங்கிய பழையதையே மாட்டினேன். முதல் துண்டு வெண்ணெய் மாதிரி கடைபட்டது. புஷ்ஷோடு சமமாக்கி, உப்புத்தாள் போட்டு, மெருகேற்றி, உலோகத்தை அழுத்திச் சேர்த்தேன். மரம் தாழ்ந்து நின்றது. கிட்டின் வளையம் படிக்கட்டு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. நகம் வைத்தால் மாட்டியது.

கொழுந்தன் அதை வாங்கித் தடவிப் பார்த்தான். "இன்னா அண்ணி, நடுவுல வேகத்தட கீது?"

எனக்கு வந்த கோபத்துக்குப் பேனாவை ஏரியில் எறிந்திருப்பேன். குறைத்த மரத்தைத் திரும்ப ஏற்ற முடியாது. இருப்பது ஒரே துண்டு. எங்கே தப்பு என்றே தெரியவில்லை. அளவு வைத்துத்தானே கடைந்தேன்!

கோபம் தணிய வலை தைக்க உட்கார்ந்தேன். சுண்ணாம்புக்குளத்து உறவுக்காரர் பொத்தலடைக்கக் கொடுத்திருந்த வலை. வலையின் கண் ஒரே அளவாக வர மூங்கிலில் அளவுக்கட்டை வைத்திருப்போம். எங்கள் வலைக்கு எங்கள் கட்டைதான் சட்டம், வேறெதையும் பார்க்க மாட்டோம். ஆனால் வெளியூர் வலை என்றால் அந்தக் கட்டையைத் தொடுவதே இல்லை. அந்த வலையிலேயே கிழியாத கண்ணை விரித்துப் பார்த்து, அதற்கேற்றபடி வேறு கட்டை சீவிக்கொள்வோம். என் கை பழக்கத்தில் வீட்டுக் கட்டையை ஓரமாகத் தள்ளியது. தள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது.

அடி மடச்சி! கிட் வெளியூர், புஷ் உள்ளூர்.

எழுந்து ஓடிப்போய்ப் பழைய கடையின் கிட் ஒன்றில் மிஞ்சியிருந்த வளையத்தையும் புது வளையத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். விரலுக்குள் உருட்டினால் புதியது ஒரு மயிரிழை பருமன். கடைக்காரர்கள் படத்தை ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள், அளவை அவரவர் இஷ்டத்துக்குச் செய்கிறார்கள்.

தகரத்துண்டு ஒன்றை எடுத்து அரத்தால் இரண்டு வெட்டுப் போட்டேன். ஒன்று புது வளையம் அசையாமல் நுழையும் அளவு, மற்றது முனைக்கு. அதுதான் இந்தக் கிட்டின் அளவுக்கட்டை. பிறகு கடைசித் துண்டை மாட்டினேன். புஷ்ஷை நம்பவில்லை. கொஞ்சம் கடைவது, மெஷினை நிறுத்துவது, தகரத்தை வைத்துப் பார்ப்பது. மரம் புஷ்ஷைவிட மேடாக இருக்கும்போதே தகரம் வழுக்கிக்கொண்டு நுழைந்தது. பழைய பழக்கம் உளியை இன்னும் கொஞ்சம் இழுத்தது. இழுக்க விடவில்லை. மெருகேற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

நகத்தை ஓட்டினேன். மாட்டவில்லை. திருப்பி ஓட்டினேன். எங்கே மரம் முடிந்து எங்கே உலோகம் தொடங்குகிறது என்று கண்ணை மூடினால் தெரியவில்லை. கொட்டகையில் தனியாக நின்று கை தட்டினேன், வெட்கமே இல்லாமல்.

பாடு அன்று ஆண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள், நாங்கள் பின்னால் நின்றோம். பெண்கள் பெயரில் சீட்டு கிடையாது. தலைவர் பேனாவை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "நம்ம பன," என்றார். ஊரிலுள்ள அத்தனை வீட்டுப் பெயரும் என் கை கடைந்த மரத்திலிருந்து இறங்கியது. என் நெஞ்சு நிமிர்ந்தது நிமிர்ந்ததுதான். பேனா கொழுந்தன் கைக்கு வந்தபோது அவன் நகத்தை வைத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். மறுபடி வைத்துப் பார்த்ததையும் பார்த்தேன்.

மறுநாள் கடைத்தெருவிலிருந்து திரும்பினால் கொட்டகையில் ஆணி அடிக்கும் சத்தம். இஞ்சின் வேப்பமரத்தடிக்குப் போயிருந்தது, தார்ப்பாய் போர்த்தி. கொழுந்தன் என் மெஷினுக்கு மேலே ஒரு பலகை அடித்து, அதில் காலி டப்பாக்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா இது?"

"உன் புஷ்ஷுங்கோ வெக்க," என்றான், திரும்பாமலேயே. "கடைக்கு ஒரு டப்பா. கலந்துக்கினு அப்புறம் என்னாண்ட வந்து நிக்காதே."