நான் பறித்த சொம்பு

சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்ப்பவனுக்கு நெருப்பு சீக்கிரம் பழகிவிடும். தண்ணீர்தான் கடைசிவரை பயம். வெந்த கல்லின் தூள் உடம்பெல்லாம் அப்பியிருக்கும்போது அதன்மேல் தண்ணீர் பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் எல்லோரும் எண்ணெய் பூசிக்கொண்டுதான் இறங்குவார்கள். வேலை முடிந்ததும் சாக்கால் துடைத்து, மறுபடி எண்ணெய் தேய்த்து வழித்து, உடம்பு ஆறிய பிறகே குடத்தருகே போவார்கள். கொதிக்கிற உடம்பில் பச்சைத்தண்ணீர் பட்டாலோ உள்ளே போனாலோ ஜன்னி கண்டுவிடும் என்பது இன்னொரு பயம். இந்த இரண்டிலும் யாரும் தவறிவிடாமல் பார்த்துக்கொள்வது மேஸ்திரியின் வேலை. அரியலூருக்கு வெளியே ரயில் பாதையை ஒட்டி இருந்த காளவாயில் நான்தான் மேஸ்திரி. வயது இருபத்தாறு. மூன்றாம் பாரம் வரை படித்தவன் என்ற திமிர் வேறு.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கோ பட்டாளத்துக்குக் கட்டடம் கட்டுகிறார்கள், சுண்ணாம்பு உடனே வேண்டும் என்று முதலாளி பறந்தார். மற்ற வருஷங்களில் கத்திரி வெயில் நாட்களில் காளவாயைப் பகலில் திறக்க மாட்டோம். விடிகிற நேரத்திலேயே வெந்த கல்லை இழுத்து முடித்துவிடுவோம். அந்த வருஷம் உச்சிவேளையில் திறந்தோம். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசையில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

காளவாயின் கீழ்வாயில் நின்று வெந்த கல்லை இழுத்துப் போட்டவன் குன்னம் பக்கத்து ஆள். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. அவன் மனைவி அந்தக் கல்லைக் கூடையில் சுமந்துபோய்க் குவிப்பாள். அவர்களுடைய நாலு வயதுப் பெண் குழந்தை ஊரில் அவன் தாயாரிடம் இருந்தது. அவன் என்னைச் சீண்டாமல் இருக்க மாட்டான். "தள்ளி நில்லுங்க மேஸ்திரி, மீச கருகிடப் போவுது" என்பான். எனக்குக் கோபம் வரும், சிரிப்பும் வரும்.

அன்று மத்தியானம் அவனுக்கு வேர்ப்பது நின்றுவிட்டது. நான் கண்ணால் பார்த்தேன். முதுகு காய்ந்து சிவந்து கிடந்தது. "பாருங்கடா, ஒடம்பு எப்படி அனலுக்குப் பழகிடுச்சுன்னு" என்று மற்றவர்களிடம் காட்டினேன். பெருமையாகக் காட்டினேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அவன் கையிலிருந்த கம்பியைப் போட்டுவிட்டு உளறத் தொடங்கினான். மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டச் சொன்னான். அங்கே மாடு ஏது? அப்படியே மடங்கி விழுந்தான். நாலு பேராகத் தூக்கிக் கொட்டகையில் கிடத்தி, தூளைச் சாக்கால் துடைத்து எண்ணெய் தேய்த்து வழித்தோம். அவன் மனைவி சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள். தலையைத் தூக்கி ஒரு மடக்குப் புகட்டினாள். மீதியை மார்பில் ஊற்றப் போனபோது நான் சொம்பைப் பறித்தேன்.

"கொல்லப் பாக்கிறியா? ஜன்னி கண்டுருக்கு, தெரியல?"

"நெருப்பா கொதிக்குது மேஸ்திரி, கொஞ்சம் ஊத்தினா..."

"தள்ளிப் போ. டேய், சாக்க எடுத்துப் போத்துங்கடா."

நாலு சாக்கைப் போர்த்தினோம். உள்ளங்காலில் சுக்குப்பொடி போட்டுச் சூடு பறக்கத் தேய்த்தோம். ஜன்னிக்குச் செய்வதில் ஒரு குறை வைக்கவில்லை. அவள் அவன் தலைமாட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயும்போது அவன் போய்விட்டான்.

அவன் தாயார் வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது, மருமகள் கொடுத்த அந்த ஒரு மடக்குத் தண்ணீர்தான் அவனைக் கொன்றது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். யாரோ என்ன, நான்தான் சொன்னேன்.

யுத்தம் முடிந்தது, சுதந்திரமும் வந்தது. அடுத்த கோடையில் ஒருநாள் அரியலூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். பாதையில் வேலை செய்துகொண்டிருந்த கூலியாள் ஒருவனைத் தூக்கி வந்து பிளாட்பாரத்தில் போட்டார்கள். அதே காய்ந்த சிவந்த உடம்பு. அதே உளறல். ரயிலிலிருந்து இறங்கிய ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்துங்க, நிறுத்தாம ஊத்துங்க" என்று கத்தினார். என்னையறியாமல் "ஐயோ, ஜன்னி வந்துடும் சார்" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாளி வாளியாக ஊற்றினார்கள். இஞ்சின் ஊதிக் கிளம்புமுன் அந்த ஆள் எழுந்து உட்கார்ந்து, என் துண்டு எங்கே என்று கேட்டான். வந்த ரயிலில் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

பத்து நாள் சோறு இறங்கவில்லை. பிறகு பஸ் ஏறிக் குன்னம் பக்கம் அவள் ஊருக்குப் போனேன். ரோட்டை ஒட்டிய ஒரு களத்தில் தனியாக உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரிந்ததும் எழுந்து நின்றாள். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். ஓரத்தில் இருந்த பானையைக் காட்டி, "நீங்களே மொண்டுக்குங்க மேஸ்திரி. நான் யாருக்கும் எங்கையால தண்ணி குடுக்கறதில்ல" என்றாள்.

நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள். "நீங்க அன்னிக்கி சொம்ப புடுங்கலேன்னா முழுசும் குடுத்திருப்பேன். நீங்க புண்ணியவான். பொழுது சாயிற வரைக்குமாவது உசுரு நின்னுச்சு."

அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஸ்டேஷனில் பார்த்ததைச் சொன்னேன். தண்ணீர் அவனைக் கொல்லவில்லை, சாக்கைப் போர்த்திய நான்தான் கொன்றேன் என்றேன். அழுதேன். அவள் அழவில்லை. கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தாள்.

"ஊத்தியிருந்தா பொழச்சிருப்பாரா?"

"பொழச்சிருப்பான்."

பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க" என்றாள். "எங்க மாமியா வூடு அடுத்த தெருதான். புருசன கொன்னவகிட்ட புள்ளய வுடமாட்டேன்னு எம் பொண்ண அங்கேயே வச்சிருக்காங்க. தூரமா நின்னுதான் பாக்கறேன். என்கிட்ட சொன்னத அவங்ககிட்ட வந்து சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவன் தாயார் மாரில் அடித்துக்கொண்டது கண்முன் வந்தது. தெருவே கூடும். மேஸ்திரிதான் கொன்றானாம் என்று சொல்லும்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா. இன்னொரு நாள் வரேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்து அரிவாளை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த பஸ் வர மூன்று மணி நேரம் இருந்தது. அந்த மூன்று மணி நேரமும் ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் களத்தில் அவள் குனிந்திருப்பது நன்றாகத் தெரிந்தது. நான் நிற்பது அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும்.