ஒரு காதுக்கு நாலு மனு

மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். சந்தோஷமாக இருக்கிற மனுஷர் யாரும் என் கடைப்படி ஏறினதாக எனக்கு ஞாபகம் இல்லை. கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி, ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்துக்கொண்டு இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பட்டா, வாரிசு, ரேஷன் கார்டு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடித்துத் தருவேன். போலீசிலும் ஜெயிலிலும் இருக்கிற பதிவேட்டைக் கேட்டு எழுதுவதுதான் உயிரை வாங்குகிற வேலை. ஏதாவது ஒரு ஆபீஸ் ஜன்னல் முன்னால் கால் கடுக்க நின்று, 'நாளைக்கு வாங்க' என்று கேட்டுத் திரும்பியவர்தானே நீங்களும்? அப்படியானால் சகாயமேரிக்கு நடந்தது உங்களுக்குப் புதிதாக இருக்காது. வயிற்றெரிச்சல்தான் கொஞ்சம் கூடும்.

'ஏன்' என்று கேட்கக் கூடாது

சகாயமேரி கடற்கரைக்காரி, மீன் விற்கிறவள். என் வயதுதான், ஆனாலும் என்னை அக்கா என்பாள். அவள் மூத்த மகன் ஜெரினை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வலை பின்னிக்கொண்டிருந்த இடத்திலிருந்து போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். படகு என்ஜின் திருட்டு என்று கேஸ். ஆனால் போலீஸ் பேப்பரில் அவனைக் கைது செய்தது வியாழக்கிழமை சாயங்காலம், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில். நடுவில் இரண்டு நாள் அவன் எங்கே இருந்தான் என்பதற்கு ஒரு எழுத்து கிடையாது. வெள்ளிக்கிழமை ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

பார்க்கப் போனவள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசினால், அவன் முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டினானாம். இடது காது கேட்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டால், தம்பி சாப்பிட்டானா என்று பேச்சை மாற்றினானாம். வக்கீலோ, "பேப்பர் இருந்தா கொண்டு வாங்க, கோர்ட்டுல சொல்லலாம். பேப்பர் இல்லாம நான் என்னத்தப் பேச?" என்று கையை விரித்துவிட்டார். அந்தப் பேப்பருக்காகத்தான் என்னிடம் வந்தாள்.

"எனக்க மவன ஏன் அடிச்சீயன்னு கேட்டு எழுதுங்க" என்றாள். நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: தகவல் அறியும் சட்டத்தில் 'ஏன்' என்று கேட்டால் பதில் வராது. அவர்கள் எழுதி வைத்திருப்பதன் நகலைத்தான் கேட்கலாம். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பு, அந்த நாலு நாள் கேமராப் பதிவு, கைதுக் குறிப்பு, டாக்டர் கொடுத்த சர்டிபிகேட் என்று வரிசையாக அடித்தேன். கட்டணத்துக்குக் கோர்ட்டு வில்லை ஒட்டி, வாசித்தும் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்: "அடிச்சத அவியளே எழுதி வச்சிருப்பாவளா, அக்கா?"

ஏட்டையா வாங்கித் தந்த டீ

இந்த மனு ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது. மாவட்ட போலீஸ் ஆபீசில் இருக்கிற பொதுத் தகவல் அலுவலருக்கு, ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் போக வேண்டும். உறையில் முகவரி வரைக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். படித்துப் படித்துச் சொன்னேன். அவளுக்கோ எதையும் கைக்குக் கை கொடுத்துத்தான் பழக்கம்; தபால் பெட்டிக்குள் போட்டால் போட்டதுதான், எவன் எடுப்பானோ என்று பயம். நேரே ஸ்டேஷனுக்கே கொண்டு போய்விட்டாள்.

அங்கே ஏட்டையா, ஸ்டேஷன் எழுத்து வேலையெல்லாம் பார்க்கிறவர், அவளை ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தாராம். மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தாராம். அப்புறம் நாலாக மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். இவள் ஏதோ சம்பந்தி வீட்டுக்குப் போய் வந்தவள் போல என்னிடம் வந்து சொல்கிறாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் என்னதான் சொன்னார் என்று கேட்டதற்கு, அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: "விவரம் வேணும்னா நேர்ல வந்து கேக்கலாம்லா, பெத்த தாய்க்கு எதுக்கும்மா சட்டம்?"

பேனாவைத் திறந்து கொடுத்தவன்

அடுத்த தடவை நானே தபாலாபீசுக்குப் போய் அனுப்பினேன். முப்பது நாளில் பதில் தர வேண்டும். இருபத்தெட்டாவது நாள் ஒரு போலீஸ்காரர் மீன் ஏலம் நடக்கிற இடத்துக்கே உறையைக் கொண்டு வந்தாராம். வாங்கினதுக்கு ஒரு கையெழுத்து என்றாராம். இவளும் போட்டுவிட்டாள். உறைக்குள் இருந்தது ஒரே வரி: வழக்கு விசாரணையில் இருப்பதால் தகவல் தர இயலாது. அவள் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்ததும் ஒரே வரி: கேட்ட தகவல் முழுவதும் பெற்றுக்கொண்டேன், மேல் நடவடிக்கை தேவையில்லை.

மேல்முறையீடு போட்டேன். அந்தத் தாளைக் காட்டியே தள்ளினார்கள். கேமராப் பதிவு கால அளவு முடிந்து தானாக அழிந்துவிட்டது என்று போனஸாக ஒரு தகவலும் கொடுத்தார்கள். வந்த ஆத்திரத்தில் அவளைத்தான் திட்டினேன். படிக்காமல் கையெழுத்துப் போடுவாளா ஒருத்தி என்று கடை அதிரக் கத்தினேன். உண்மையைச் சொன்னால் தப்பு என்னுடையது. இந்த வேலையை அவர்கள் எத்தனை பேரிடம் செய்து நான் பார்த்திருக்கிறேன், அவளை முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டும். அவள் பதிலுக்குக் கத்தவும் இல்லை. "அம்மான்னுல்லா கூப்பிட்டான், அக்கா. கையெல்லாம் மீன் செதிலு, பேனாவ அவனே தொறந்து தந்தான்."

மூன்றாம் நபர்

போலீஸ் எழுதாததை ஜெயில் எழுதியிருக்கும். இதுவும் உங்களுக்கு உதவும், உதவாமலே போகட்டும். ஒருத்தனை உள்ளே எடுக்கும்போது உடம்பில் என்ன காயம், எப்படி வந்தது என்று கேட்டுச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுவார்கள். அவன் மேல் உள்ள பாசத்தில் இல்லை. இங்கே வந்த பிறகு அடிபட்டது என்று தங்கள் தலையில் விழக் கூடாதே என்று. அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு ஜெயில் கண்காணிப்பாளர் ஆபீசுக்கு மூன்றாவது மனு அனுப்பினேன்.

பதில் சீக்கிரமே வந்தது. கேட்டது ஒரு கைதியின் சொந்த விவரமாம், மனுதாரர் மூன்றாம் நபராம், அதனால் தர முடியாதாம். சகாயமேரி அந்தக் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பத்து மாசம் சொமந்த நான் மூணாம் ஆளுன்னா, ரெண்டாம் ஆளு யாருக்கா?"

ஜெரின் வந்தான்

அதற்குள் ஜெரினுக்கு ஜாமீன் கிடைத்திருந்தது. 'எனக்குச் சம்மதம், அம்மாவிடம் கொடுக்கலாம்' என்று அவன் கையெழுத்துப் போட்டால் போதும், மூன்றாம் நபர் பேச்சே எழாது. அம்மா கூட்டிக்கொண்டு வந்தாள். நான் இடது பக்கம் இருந்து பேசினேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சகாயமேரி அவன் தோளைத் தொட்டபிறகுதான் திரும்பினான். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை.

"வாசிச்சுட்டுப் போடு" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். ஒரு எழுத்து விடாமல் வாசித்தான். எங்கே அடித்தார்கள், யார் அடித்தார்கள் என்று நானும் நயமாகக் கேட்டுப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொன்னான்: "காயத்தப் பத்தி எழுதுன பக்கத்த விட்டுராதீங்க."

பதிவேட்டில் இருந்தது

நாலாவது மனுவுக்கு நகல் வந்தது. உறையைக் கிழித்தேன். சகாயமேரி கூடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றாள். வாசித்தேன். 'இடது காதில் ரத்தம் உறைந்துள்ளது. கைதி கூற்று: கடந்த ஞாயிற்றுக்கிழமை கடலில் மீன்பிடிக்கும்போது படகில் விழுந்து ஏற்பட்ட காயம்.' கீழே ஜெரின் கையெழுத்து.

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவன் வாயாலேயே போலீசைக் காப்பாற்றிவிட்டானே, இதற்கா இத்தனை மாசம் நாயாய் அலைந்தோம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் அழவில்லை. கிழமையைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு தடவையும் வாசிக்கச் சொன்னாள். "ஞாயித்துக்கிழம எங்களுக்க ஊருல வள்ளம் கடல்ல எறங்காது, அக்கா. பூசை நாளு. எறக்கினவன ஊரே வெலக்கி வச்சிரும்."

வக்கீல் ஆபீஸ் வாசலில்

மறுநாள் மூன்று பேருமாக வக்கீலிடம் போனோம். அவர் நகலைப் பார்த்தார், ஊர் வழக்கத்தைக் கேட்டார், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கான்னு கேப்பாங்கம்மா. நான் என்ன சொல்ல? இருந்தாலும் வச்சிட்டுப் போங்க" என்றார்.

வெளியே வந்ததும் சகாயமேரி மகனைப் பிடித்து நிறுத்தினாள். அவன் வலது பக்கமாகப் போய் நின்று, "ஏம்லே மக்கா அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டாள். அப்போதுதான் சொன்னான்: "என்னைய ஜெயிலுக்குக் கொண்டுவந்த போலீசு பக்கத்துலயே நின்னான், அம்மா. படகுல விழுந்தேன்னு சொல்லு, இல்லேன்னா தம்பியையும் தூக்குவோம்னான். கிழமைய மட்டும் அவன் சொல்லித் தரல்ல. நம்ம ஊருக்காரங்க யாராவது ஒருநா வாசிச்சா பொய்யின்னு தெரியட்டும்னு, நாந்தான் ஞாயித்துக்கிழமன்னு சொன்னேன்."

இருபது வருஷத்தில், ஜனங்களுக்குத் தெரியட்டும் என்று நினைத்து அரசாங்கப் பதிவேட்டில் ஒரு தகவலைச் சொல்லி வைத்தவனாக நான் பார்த்தது அந்தக் கைதி ஒருத்தனைத்தான்.