கியர் இல்லாத கார்

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியை நான் ஆறு வருடம் ஓட்டினேன். தலவாக்கலையிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் வளைவுக்கு ஒரு கியர் மாற்ற வேண்டும். கியரை மாற்றிய கை அதே வேகத்தில் ஹார்னையும் அமுக்கிவிடும். தனியாக நினைத்து நான் ஹார்ன் அடித்ததே இல்லை.

கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, கம்பளியும் போர்த்திக்கொண்டு நடக்கிற பெண்களால் திரும்பிப் பார்க்க முடியாது. வளைவில் லொறி கியர் மாறி உறுமுவதைக் கேட்டே ஒதுங்குவார்கள். கொழுந்தெடுக்கும் என் அக்காவும் அப்படித்தான்.

பிறகு தோட்டத்தை நடத்தும் துரை, கிளச்சும் கியர் மாற்றும் வேலையும் இல்லாத புதுக் கார் ஒன்றை வாங்கி, என்னை அதற்கு டிரைவராக்கினார். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயமே பொறாமைப்பட்டது.

"இனி உனக்கென்னடா தம்பி, ராசா மாதிரி உக்காந்துக்கிட்டே போவ" என்று அக்கா கேலி செய்தாள்.

அதுதான் கேடாக முடிந்தது. இடது கைக்கும் இடது காலுக்கும் வேலையில்லை. கை சும்மா இருந்தால் மனம் ஊர் மேயப் போய்விடுகிறது.

அன்று காலையில்தான் எங்கள் குடும்பத்தின் இலங்கைப் பிரஜாவுரிமை மனுவைத் தள்ளிவிட்டதாகக் கடிதம் வந்திருந்தது. மாலையில் துரையை கிளப்பில் இறக்கிவிட்டு, அதையே நினைத்துக்கொண்டு தனியாகத் திரும்பினேன். தூறல் வேறு. மேட்டில் கார் தானாகவே கியரை மாற்றிக்கொண்டு சத்தமில்லாமல் ஏறியது. என் கை எதையும் மாற்றவில்லை, ஹார்னும் அடிக்கவில்லை. வளைவு திரும்பினால் நடுப்பாதையில் கூடையோடு அக்கா. பிரேக்கை மிதிப்பதற்குள் இடித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்த பொலிஸ்காரரிடம், நான் வாய் திறக்குமுன் அக்காவே தனக்குத் தெரிந்த சிங்களத்தில் முந்திக்கொண்டாள். கவனமில்லாமல் நடுப்பாதையில் நடந்தது தான்தான் என்றாள். அவர் அதை எழுதிக்கொண்டு, அப்படித்தானா என்று என்னைக் கேட்டார். உரிமையும் இல்லை, வேலையும் போனால் இந்தியாவுக்குக் கப்பல்தான். அது அக்காவுக்கும் தெரியும். அவள் என்னையே பார்த்தாள்.

"ஓவ்" என்றேன். ஆமாம் என்று சிங்களத்தில் சொல்ல அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. நான் ஒரு கோழை.

நொண்டிக் காலோடு மலை ஏற முடியாதென்று தோட்டத்தில் அவள் பெயரை வெட்டினார்கள். தப்பு அவளுடையது என்று எழுதியாகிவிட்டது, கேட்க நாதியில்லை. நான் அந்தக் காரை இன்னும் நான்கு வருடம் ஓட்டினேன்.

எங்கள் லயம் பாதையோரம். அவள் பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு வளைவிலும் மறக்காமல் ஹார்ன் அடித்துக்கொண்டுதான் வருவேன். இருந்தாலும் என் காரைக் கண்டதும் கூடையோடு போகும் பெண்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவாள்.

"ஒதுங்குங்கடி! என் தம்பி வர்றான், ஒதுங்குங்க!"