அரை நிமிடம் பிந்தி வரும் பந்து

எங்கள் வீட்டில் நேற்றிரவு ஆட்டம் இன்று காலையில்தான் நடக்கும். மெல்பேர்ணின் தொங்கலில், கிரான்பர்னில், வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிற ஜூலை மாதத்தில், வரவேற்பறை ரிவிக்குள் ஒரு கோடைகால இரவு. விளக்கு வெளிச்சத்தில் அரைக்கைச் சட்டைக்காரர்கள் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு இருப்பார்கள். அதற்கு முன்னால், கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை போட்ட என் அக்கா கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, தேத்தண்ணி ஆறிப்போனதும் தெரியாமல், “அடியடா! உந்தப் பந்தையும் விட்டிட்டு நிக்கிறியோ!” என்று கத்துவாள்.

பக்கத்து வீட்டு கெவினுக்கு இந்தச் சத்தம் மதிலைத் தாண்டிக் கேட்கும். குப்பைத்தொட்டியை வீதிக்கு உருட்டிவரும்போது ஒருநாள் அக்காவைப் பார்த்து, “கிரிக்கெட் எப்படிப் போகுது? இந்தியா வெல்லுதா?” என்று அன்பாகக் கேட்டார்.

“இல்லை, ரொறன்ரோ” என்றாள் அக்கா.

கெவின் சிறிது யோசித்தார். “ஓ, கனடாவும் ஆடத் தொடங்கிவிட்டதா? நல்லது, நல்லது” என்று தொட்டியை நிறுத்திவிட்டுப் போனார். நாங்கள் திருத்தவில்லை. திருத்துவதென்றால், யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தி மெல்பேர்ணில் இருந்துகொண்டு, அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த ஆட்டத்தில், கனடா நகரத்து அணிக்காக ஏன் தொண்டை கிழியக் கத்துகிறாள் என்று விளக்க வேண்டும். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று விளக்கக்கூடிய சங்கதி அல்ல அது.

அக்காவும் அத்தானும் ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம், முப்பது வருடத்துக்குக் கிட்ட இருந்தவர்கள். போன புதிதில் யாரோ ஒருவரின் வீட்டு நிலக்கீழ் அறையில் குடியிருப்பு. அத்தானுக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. அங்கே சாப்பாட்டு மேசையில் எல்லாரும் பேசியது ஒன்றே ஒன்றுதான், பேஸ்போல். அது தெரியாதவன் மேசையின் ஒரு தொங்கலில் தனியாக இருந்து சாப்பிட்டுவிட்டு எழும்ப வேண்டியதுதான். அதற்காகவே அத்தான் பார்க்கத் தொடங்கினார். இருந்தது ஒரே அறை, அதில் ஒரே ரிவி. அக்காவுக்குத் திரும்பி இருக்க வேறு பக்கம் இல்லை. “பந்து நிலத்தில குத்துறேல்லை, மட்டை உலக்கை மாதிரிக் கிடக்கு, உதுவும் ஒரு விளையாட்டோ?” என்று போன் கார்ட் போட்டு என்னிடம் சிரித்தவள், இரண்டாவது வருடம் அத்தானுக்கே விதி சொல்லிக்கொடுத்தாள்.

அவளுடைய ஆங்கிலம் முழுக்க அந்த வர்ணனையாளர்களிடம் படித்தது. இங்கே வந்த புதிதில் டொக்டரிடம் கூட்டிப்போனேன். உடம்பு எப்படி என்று அவர் கேட்க, ஆட்டம் முடியப்போகிற கட்டத்துக்கு அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்து, “நான் ஒன்பதாவதின் கீழ்ப்பாதியில் நிற்கிறேன், டொக்டர்” என்றாள். அவர் அவளைத் திரும்பச் சொல்லி, முள்ளந்தண்டில் ஒவ்வொரு எலும்பாக எண்ணி, ஒன்பதாவதை அழுத்தி “இங்கேயா நோவு?” என்றார். அக்கா மரியாதைக்காக “ஓம்” என்றுவிட்டாள். பிறகு ஒரு மாதம் அந்த இடத்துக்கு மருந்து பூசினோம்.

அவள் இங்கே வந்தது பார்த்துப்போக என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தோம். உண்மை என்னவென்றால், அத்தான் ஓய்வு எடுத்த கையோடு, இனி யாழ்ப்பாணத்தில் போய் இருப்பது என்று முடிவெடுத்துவிட்டார். முடிவெடுத்தது பெரிதில்லை. அதை அங்கேயுள்ள சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லி, கிணறு இறைப்பிக்கவும் ஆள் பிடித்துவிட்டு, கடைசியாகத்தான் அக்காவுக்குச் சொன்னார். அக்கா வரமாட்டேன் என்றாள். பேச்சு நின்றது. அவள் பெட்டியைக் கட்டினாள். ஊருக்குத் திரும்புவதைப் பற்றிய சண்டையில், அவர் கனடாவிலேயே இருந்துவிட்டார். அவள் ஊரும் இல்லாத, கனடாவும் இல்லாத மூன்றாவது தேசம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தாள். இறைத்த கிணறு மட்டும் யாழ்ப்பாணத்தில் இருந்தது.

ஆட்டம் உள்ள நாட்களில் அத்தான் போன் எடுப்பார். “மச் பாக்கிறியோ?” “ஓம்.” அவ்வளவுதான் சுகம் விசாரிப்பு. அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கதிரைக் கையில் நிமிர்த்தி வைப்பாள். மூன்று மணித்தியாலம் இரண்டு பேரும் பந்தைப் பற்றி மட்டும் பேசுவார்கள். “பிட்சர் களைச்சுப் போனான்.” “மாத்த வேணும்.” “மாத்தமாட்டாங்கள், மொக்கர்.” சாப்பிட்டியா, மருந்து போட்டீங்களா, ஒன்றும் கிடையாது. ஆனால் பந்து எறிகிற பிட்சரின் தோள்மூட்டைப் பற்றி இவ்வளவு கரிசனையோடு கதைக்கிற புருஷன் பெண்சாதியை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

அந்தக் காலத்தில், அதாவது சென்ற வருடத்துக்கு முன், இதெல்லாம் சுலபமாக நடந்தது. எங்கள் வீட்டுக் கூரையில் என் கணவர் கிரிக்கெட்டுக்காகப் பூட்டிய டிஷ் ஒன்று இருந்தது. அதில் வந்த விளையாட்டுச் சனல் ஒன்று வாரத்தில் இரண்டு மூன்று நாள் அமெரிக்க ஆட்டங்களையும் போட்டது. ஸ்காபரோவில் அத்தானுக்கு கேபிள். இரண்டு இடத்திலும் பந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் பறந்தது. பூமியின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் ஒன்றாக “ஐயோ” என்றார்கள்.

பிறகு ஒருநாள் அந்த நேரத்தில் சனலில் மீன் பிடிக்கிற நிகழ்ச்சி ஓடியது. நான் கம்பனிக்கு போன் எடுத்தேன்.

“பேஸ்போல் எங்கே போய்விட்டது?”

“பாஸ்கெட்போல் இருக்கிறது, மேடம்.”

“பாஸ்கெட்போல் இல்லை. பேஸ்போல்.”

“நெட்போலா?”

நான் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். மறுமுனையில் என் பெயரைப் பார்த்திருக்க வேண்டும். குரல் கனிந்தது. “கவலைப்படாதீர்கள் மேடம், கிரிக்கெட் எல்லாம் அப்படியே இருக்கிறது.” கடைசியில்தான் விஷயம் வந்தது. அந்த ஆட்டங்கள் இனி ரிவியில் இல்லை, ஸ்ட்ரீமிங்கில். ஆப் ஒன்றை இறக்க வேண்டும். எது எங்கே போனது என்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரு சில ஆட்டம் ஓர் ஆப்பில், வெள்ளிக்கிழமை ஆட்டம் இன்னொன்றில், மிச்சம் மூன்றாவதில். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் ஒரு ரிவி இருந்தது. யார் வீட்டுக்குப் போவதென்பதில் ஒருவருக்கும் குழப்பம் வரவில்லை. இங்கே ஒரு அக்காவுக்கு மூன்று ஆப். எதற்குள் போவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

நான் ஆஸ்பத்திரி ஒன்றின் கொம்பியூட்டர்ப் பிரிவில் வேலை செய்கிறவள். எல்லாவற்றையும் இறக்கி, டாப்லெட்டில் போட்டுக்கொடுத்தேன். படம் கண்ணாடி மாதிரி இருந்தது, புல்லின் நுனி தெரிந்தது. நான் வீட்டிலிருந்து வேலை மீட்டிங்கில் இருக்கும்போது மட்டும் பந்து நடுவானில் நின்று, அதன் மேல் ஒரு வட்டம் சுழலும். ஆனால் உண்மையான சிக்கல் வேறு. முதல் நாளே, பிட்சர் கையைத் தூக்கவே இல்லை, போனில் அத்தான் “ஹோம் ரன்!” என்று கத்தினார்.

“எங்கை?” என்றாள் அக்கா.

“எங்கையோ? கூட்டத்துக்குள்ள விழுந்தது!”

அக்கா டாப்லெட்டைப் பார்த்தாள். பிட்சர் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான். அரை நிமிடத்துக்கும் மேலாகி, அவன் எறிந்து, இவன் அடித்து, பந்து கூட்டத்துக்குள் விழுந்தது. செத்த வீட்டுக்குப் பிந்திப் போனவள் மாதிரி அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ட்ரீமிங் என்றால் அப்படித்தான் பிந்தி வரும் என்று நான் விளங்கப்படுத்தினேன். நாளால் நாங்கள் கனடாவுக்கு முந்தி. அங்கே செவ்வாய் இரவு, இங்கே புதன் காலை. ஆனால் பந்தில் நாங்கள் பின்னுக்கு. அத்தானால் வாயை அடக்க முடியவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் அவர் சிரித்த பிறகுதான் இவளுக்குச் சிரிப்பதற்கான காரணம் வந்து சேர்ந்தது. மூன்றாம் நாள் அக்கா வெடித்தாள்.

“எனக்கு முடிவைச் சொல்லவேண்டாம். எப்பவும் நீங்கள் முந்தி முடிஞ்சதைத்தானே எனக்குக் கடைசியாச் சொல்லுறனீங்கள்!”

 பேச்சு பேஸ்போலைப் பற்றியது அல்ல என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. அத்தான் மெதுவாக, “சரி, நான் கதைக்கேல்லை” என்றார். அதற்குப் பிறகு வந்த ஆட்டங்களில் அவர் வாயே திறக்கவில்லை. அக்கா கேட்டதெல்லாம் ஸ்காபரோவில் யாரோ மூச்சு விடுகிற சத்தம். அது இன்னும் கொடுமை. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு கிழமை கழித்து அத்தான் என் போனுக்கு எடுத்தார். அப்படி எடுக்கிறவர் இல்லை.

“பிள்ளை, நான் கேபிளை வெட்டிப்போட்டன்.”

“ஏன் அத்தான்?”

“ஸ்ட்ரீமிங் போட்டிருக்கிறன். கம்பனிக்காரனிட்டை, ஆகச் சுணங்கி வாறது எதெண்டு கேட்டன். எல்லாரும் வேகமானதைத்தான் கேக்கிறவையாம். அந்தப் பெடியன் ரெண்டு தரம் திருப்பிக் கேட்டவன்.”

“ஏன் உங்களுக்குச் சுணங்கினது?”

“உன்ரை அக்காவோட ஒண்டாப் பாக்கவேணுமெல்லோ” என்றார், இதைக்கூட விளங்காத ஒருத்தி கொம்பியூட்டர்ப் பிரிவில் என்ன வேலை செய்கிறாள் என்பது போல. “அவவுக்குச் சொல்லிப்போடாதை.”

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பந்து இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தது. அத்தான் மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கினார். அக்கா அவர் திருந்திவிட்டார் என்று நினைத்தாள்.

ஒக்டோபரில் ரொறன்ரோ அணி இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது. அப்போது எங்கள் பழைய சனல்காரருக்கு ஞானம் வந்தது. பெரிய ஆட்டங்களை ரிவியிலும் காட்டுகிறோம் என்று விளம்பரம் போட்டார்கள். என் கணவரின் கிரிக்கெட் பக்தியால் டிஷ் இன்னும் கூரையில் இருந்தது. பெரிய திரை, சுழலாத வட்டம். அக்கா டாப்லெட்டை மூடி வைத்துவிட்டு ரிவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டாள்.

தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டம். நானும் அன்றைக்கு மீட்டிங்கை ஒத்திவைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். முதல் இன்னிங்ஸிலேயே அக்கா “அடிச்சான்!” என்று துள்ள, போனில் அத்தான் “என்ன? எங்கை?” என்றார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். இதுவரை முந்தினால் அவர்தான் முந்துவார்.

போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, “அவருக்கு ஏன் பிந்துது?” என்று கேட்டாள்.

இனி மறைத்துப் பயனில்லை. “அத்தான் கேபிளை வெட்டிட்டார், அக்கா. உன்னோட ஒண்டாப் பாக்கவேணுமெண்டு.”

 அக்கா பொத்திய கையை எடுத்தாள். “ஒண்டுமில்லை. நான் சும்மா கத்தினனான்” என்றாள் போனுக்கு. அதற்குப் பிறகு எங்கள் ரிவியைப் பார்த்து அவள் கத்தவே இல்லை. ஒன்று நடந்தால் அவள் கதிரைக் கையை இறுக்கிப் பிடிப்பாள், உதட்டைக் கடிப்பாள். அரை நிமிடம் கழித்து அத்தான் கத்துவார். அப்போதுதான் இவளும் கத்துவாள், அப்போதுதான் கண்டவள் மாதிரி. என் அக்கா இப்படி நடிப்பாள் என்று எனக்குத் தெரியாது. அந்த அளவான கத்தலைக் கேட்டு கெவின் அன்றைக்கு, கனடா கிரிக்கெட்டில் தோற்கிறது என்று நினைத்திருக்கக்கூடும்.

ஒன்பதாவதின் கீழ்ப்பாதி. ரொறன்ரோ ஒரு ஓட்டம் பின்னுக்கு, ஓடக் காத்து இரண்டு பேர் நிற்கிறார்கள், கடைசி ஆள் மட்டையோடு. எங்கள் ரிவியில் அவன் அடித்தான். பந்து உயர எழும்பியது, மதிலை நோக்கிப் போனது, மதிலுக்கு முன்னால் ஒருவன் பாய்ந்து பிடித்தான். முடிந்தது. எதிரணிக்காரர் தொப்பிகளை எறிந்துகொண்டு ஓடினார்கள். நான் ரிவியின் சத்தத்தை அணைத்தேன்.

போனில் அத்தானின் குரல் வந்தது. “இவன் அடிப்பான் பார்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டு, “ஓம், அடிப்பான்” என்றாள்.

“இண்டைக்கு இவன்ரை முகத்தில ஒரு களை இருக்கு.”

“ஓம். இருக்கு.”

“எறியிறான்... அடிச்சிட்டான்! போகுது, போகுது...”  பிறகு குரல் இறங்கி, “பிடிச்சிட்டான்” என்றார்.

“ஓம்.”

“நீ எப்ப கண்டனி?”

“இப்பத்தான். உங்களோடதான்” என்றாள் அக்கா.

அத்தான் நம்பினாரா தெரியாது. “இனி ஏப்ரலிலதான் ஆட்டம்” என்றார். அக்கா “ம்” என்றாள். போன் வைக்கப்பட்டது. அவள் அன்று முழுவதும் குசினியில் நின்று, தேவையில்லாத எதையோ அரிந்துகொண்டிருந்தாள். ஏப்ரல் வரை அவர்களுக்குக் கதைக்க ஒன்றும் இல்லை என்பது எனக்கும் உறைத்தது.

மறுநாள் காலை, அதே நேரத்துக்கு, போன் அடித்தது. ஆட்டம் இல்லை, ரிவி போடப்படவும் இல்லை. அக்கா அதை வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. ஒட்டுக் கேட்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

“என்ன செய்யிறாய்?”

“சும்மா நிக்கிறன். நீங்கள்?”

“நானும் சும்மாதான்.”  பிறகு அத்தான், “டிசம்பரில உங்கை வெயிலோ?” என்றார்.

“கொளுத்தும்.”

“அப்ப தொப்பி கொண்டு வாறன். ஏப்ரலுக்குத் திரும்பவேணும். சீசன் தொடங்கியிடும். போற வழியில ஊரிலயும் ஒருக்கா இறங்கலாம்... நீ ஓமெண்டால்.”

அவர் கேட்டது கேள்விதான் என்பதை அக்கா நிச்சயப்படுத்திக்கொள்வது போல நின்றாள். “இறங்கலாம்” என்றாள். “இருக்கேலாது.”

“இறங்கினாக் காணும்.”

வேலிக்கு மேலே நின்ற யூகலிப்டஸ் மரத்தில் ஒரு மாக்பைக் குருவி, தொண்டைக்குள் தண்ணீர் உருட்டுவது மாதிரிப் பாடத் தொடங்கியது.

“அதென்ன சத்தம்?”

“இஞ்சத்தை குருவி ஒண்டு. காகம் மாதிரித்தான் இருக்கும், பாடும்.”

“அதைக் கொஞ்சம் கேக்கவிடு” என்றார் அத்தான்.

அக்கா செருப்பில்லாமல் ஈரப்புல்லில் நடந்து போய், போனை மரத்தை நோக்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். குருவி பாடிக்கொண்டேயிருந்தது. கை நோக, மறு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். அவளுடைய உயர்ந்த கைக்குள்ளிருந்து, ஸ்காபரோ இரவில் ஒரு யன்னலைச் சாத்தும் சத்தமும், “இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடியப்பா, கேக்கேல்லை” என்ற குரலும் வந்தன.