சுறாத் துடுப்பைக் கேட்ட மாப்பிள்ளை

படிப்பு குறைந்தவன் என்பதால் இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். புதுச்சேரியை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் போன புதிதில், சென்னையில் ஆராய்ச்சி செய்யும் தூரத்து உறவுப் பையன் எங்கள் மீனவ ஊரான நல்லவாட்டுக்கு என் மகளைப் பெண் பார்க்க வந்தார். மீன் நாற்றத்தால் சம்பந்தம் கெட்டுவிடுமோ என்று பயந்து, காயவைத்த சுறாத் துடுப்புகளை வீட்டின் பின்னால் ஒளித்திருந்தேன்.

வந்தவர், “மாமா, சுறா வாசன வருதே. துடுப்பு இருந்தா குடுங்களேன்” என்றார். கூசிக்கொண்டே கொடுத்தேன். துடுப்பிலிருந்து ஒரு நாரை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

“நம்ம தசைநார் மாதிரி இதுவும் புரதந்தான் மாமா. எக்ஸ்ரே விட்டா, உள்ள எவ்ளோ ஒழுங்கா அடுக்கியிருக்குன்னு படத்துல தெரியும். அதான் என் வேல.”

உள்ளிருந்து மகள் சிரித்தாள். “அம்மா, என்னப் பாக்க வந்தாரா, சுறாவ பாக்க வந்தாரா?”

“ரெண்டு பேரையுந்தான்!” என்றார் அவர்.

அன்றே தாம்பூலம் மாற்றினோம். நான் வெட்கப்பட்ட பொருளுக்குள்ளும் அம்மன் அத்தனை ஒழுங்கை வைத்திருக்கிறாள். அதன்பிறகு என் மீன்பிடித் தொழிலைச் சொல்ல நான் கூசியதே இல்லை. படித்தவர்கள் இதைக் கூட்டாமல் குறைக்காமல் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.